நின்னுட்டா

பெரம்பலூரில் இளம் பயிற்சியாளர்களுக்கு முகாம் நடக்கிறது, வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று கூப்பிட்டார்கள். போனேன். எங்கள் கூடைப்பந்து டீமின் இப்போதைய கோச் நல்ல பெண், துடியானவள். ஒரு டேப்லெட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு ஆட்டக்காரியின் பெயருக்கு எதிரிலும் ஒரு எண். கேமரா படம் பிடிக்குமாம், கம்ப்யூட்டர் கணக்குப் போடுமாம், ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதற்குள் யாருக்கு என்ன மதிப்பு என்று வந்து விழுமாம்.

"இதெல்லாம் இல்லாம நீங்க எப்படி மேடம் யாரு நல்ல பிளேயர்னு முடிவு பண்ணீங்க? அதைச் சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்" என்றாள்.

மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். வாயாடி ராஜி என்று பேர் வாங்கியவள் நான். அன்றைக்கு "எல்லாரும் நல்லா ஆடுங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். வீட்டுக்கு வந்ததிலிருந்து என் மேலேயே எரிச்சலாக இருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். உற்சாகம் ஊட்டும் கதை வேண்டும் என்பவர்கள் இங்கேயே எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

எனக்குச் சொந்த ஊர் கீழப்பழுவூர். பள்ளிக்கூடத்தில் ஆடினேன், கல்லூரியில் ஆடினேன், உடற்கல்வி படித்தேன். அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலை (பெயர் வேண்டாம், இங்கே ஆலைக்கா பஞ்சம்) பெண்கள் கூடைப்பந்து டீம் வைத்திருந்தது. சம்பள டீம். ஒப்பந்தத்தில் எடுப்பார்கள், மாதச் சம்பளம், ஹாஸ்டல், சாப்பாடு, ஊர் ஊராகப் போட்டி. அதில் ஆட்டக்காரியாகச் சேர்ந்து, முதுகு போன பிறகு உதவிக் கோச் ஆனேன். அவ்வளவுதான் என் படிப்பும் பயிற்சியும். மீதியெல்லாம் தனபால் சாரிடம் கற்றது.

தனபால் சார்தான் தலைமைக் கோச். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். கழுத்தில் விசில் தொங்கும், ஊதி நான் பார்த்ததில்லை. சட்டைப் பையில் பொட்டுக்கடலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக மென்றுகொண்டிருப்பார். கோபம் வந்தால் கத்த மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைப்பார். அவ்வளவுதான், அத்தனை பெண்களும் ஆடியபடியே உறைந்து போவார்கள். எனக்கு அப்படியெல்லாம் அடக்கம் வராது. நான் கத்துவேன், திட்டுவேன், பிறகு டீ வாங்கிக் கொடுப்பேன்.

நான் உதவிக் கோச் ஆன முதல் நாள், எல்லாரையும் போல மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னை எழுப்பி, கூடைக்கம்பத்துக்குப் பின்னால் ஒரு மூலையில் கொண்டுபோய் உட்காரவைத்தார்.

"இங்கேருந்து பந்து சரியாத் தெரியலையே சார்" என்றேன்.

"பந்தைப் பாக்காதம்மா. அது எங்கயும் ஓடிப்போயிடாது. பந்து இல்லாத நாலு பேரு என்ன பண்றாங்கன்னு பாரு" என்றார்.

பந்தைப் பார்க்காமல் இருந்து பாருங்கள், தெரியும் கஷ்டம். கண் தானாகவே பந்தின் பின்னால் ஓடும். பல நாள் தலைவலியோடுதான் வீட்டுக்குப் போனேன். பழகிய பிறகு வேறு ஒரு ஆட்டம் தெரிந்தது. யார் யாருக்குக் குரல் கொடுக்கிறாள், யார் அடுத்தவள் விட்ட இடத்தை ஓடிப்போய் அடைக்கிறாள், யார் பந்து வராது என்று தெரிந்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று எல்லாம் வெட்டவெளிச்சமாகத் தெரிந்தது.

மதிப்பிடுவதற்கு அவர் இரண்டு வழி வைத்திருந்தார். ஒன்று, ஆளை எடுத்துப் பார்ப்பது. பயிற்சியில் ஐந்து பேர் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தியை வெளியே கூப்பிட்டுவிட்டு வேறொருத்தியை அனுப்புவார். புதிதாகப் போனவளையும் பார்க்கக்கூடாது, வெளியே வந்தவளையும் பார்க்கக்கூடாது. மீதி நாலு பேரைப் பார்க்க வேண்டும். அவர்கள் ஆட்டம் கூடுகிறதா, குறைகிறதா, எரிந்து விழுகிறார்களா, மூச்சு வாங்குகிறார்களா. அதுதான் வெளியே நிற்பவளின் மதிப்பு.

இரண்டாவது, ஆட்டம் முடிந்த பிறகு வட்டமாக உட்காருவது. ஷூவைக் கழற்றிவிட்டு மைதானத்திலேயே உட்கார வேண்டும். எங்கள் மைதானத்தில் எவ்வளவு கூட்டினாலும் சிமெண்டுத் தூசி படிந்திருக்கும், எழுந்திருக்கும்போது எல்லாருடைய பின்பக்கமும் சாம்பல் நிறமாக இருக்கும். அன்றைக்குக் கூடை போட்ட ஒவ்வொருத்தியிடமும் சார் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். "உனக்கு யாரு?" நீ போட்ட கூடைக்கு உனக்கு வழி பண்ணிக் கொடுத்தது யார் என்று அர்த்தம். "நானேதான் சார்" என்று சொல்லக்கூடாது. யோசித்து ஒரு பெயரைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் டீமில் அதிகமாகக் கூடை போட்டவள் கவிதா. பெரம்பலூர்க்காரி. சின்ன உருவம், கையில் மின்னல். அவளிடம் கேட்டால் யோசிக்கவே மாட்டாள். "புஷ்பாக்கா சார்" என்பாள். மறுபடி கேட்டாலும் "புஷ்பாக்கா". சில நாள் எல்லாரும் சிரித்துவிடுவார்கள், வேற பேரே தெரியாதாடி உனக்கு என்று.

புஷ்பமேரி ஏலாக்குறிச்சிப் பெண். விவசாயக் குடும்பம். நல்ல உயரம், அகலமான தோள். கூடை போட மாட்டாள், போட்டாலும் விழாது. அவள் வேலை நிற்பது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கவிதாவை எதிரணிக்காரி ஒருத்தி நிழல் மாதிரித் துரத்திக்கொண்டு வருவாள். அவள் வரும் பாதையில் புஷ்பா போய்க் காலை அகட்டி, கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றுவிடுவாள். கவிதா அவள் தோளை உரசிக்கொண்டு ஓடுவாள். துரத்துகிறவள் புஷ்பா மேல் மோதி விழுவாள். அந்த ஒரு நொடியில் கவிதாவுக்குக் கூடை காலியாகக் கிடைக்கும். நிற்கிறவள் துளி அசைந்தாலும் தப்பாட்டம் என்று நடுவர் விசில் ஊதிவிடுவார். ஒருத்தி முழு வேகத்தில் வந்து மோதப்போகிறாள் என்று தெரிந்தும் அசையாமல் நிற்க வேண்டும். நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். புஷ்பாவின் விலா எலும்பு எப்போதும் கன்றிப்போய் இருக்கும். வலது முட்டி ஒவ்வொரு மழைக்கும் வீங்கும்.

புத்தகத்தில் இதற்கு ஸ்கிரீன் என்று பெயர். நான் அப்படிச் சொல்லிக் கொடுத்தபோது பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஜன்னல்ல போடுற துணியா மேடம்?" அன்றிலிருந்து தனபால் சார் அதை 'நிக்கிறது' என்று மாற்றிவிட்டார். "நில்லு", "நிக்கிறேன்", "நின்னுட்டா". எங்கள் டீமுக்குள் இந்த வார்த்தைக்கு வேறு அர்த்தமே கிடையாது. ஒருத்தி நின்னுட்டா என்றால் தன் உடம்பைக் கொடுத்து இன்னொருத்திக்கு வழி விட்டாள் என்று அர்த்தம். அந்தப் பாழாய்ப்போன வார்த்தைதான் புஷ்பாவின் குடியைக் கெடுத்தது.

புஷ்பாவை எடுத்துப் பார்த்த நாள் நன்றாக ஞாபகம் இருக்கிறது. முதலில் கவிதாவை வெளியே எடுத்தார். மீதி நாலு பேரும் கொஞ்சம் தடுமாறி, பிறகு ஆளுக்கு ஆள் முயன்று சமாளித்துவிட்டார்கள். அவளை உள்ளே அனுப்பிவிட்டுப் புஷ்பாவை எடுத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் போனது. கவிதாவின் பந்து கூடை விளிம்பில் பட்டுத் தெறிக்க ஆரம்பித்தது. ஒருத்திக்கு மூச்சு வாங்கியது. இன்னொருத்தி, "ஏய், அங்க வரவேண்டியவ நீதானே, எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று கத்தினாள். கடைசியில் எல்லாருக்குள்ளும் சண்டை. யாருக்கும் எதனால் சண்டை என்று தெரியவில்லை. சார் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஒரு பொட்டுக்கடலையை வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார். பார்த்தேன். இன்றைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வருஷம் ஆலை ஒரு அறிவிப்புச் செய்தது. ஆட்டக்காரிகளில் ஒருத்திக்கு நிரந்தர வேலை. ஒரே ஒரு இடம். நிரந்தரம் என்றால் ஆட முடியாத வயதிலும் ஆபீசில் ஒரு நாற்காலி உண்டு, ஆஸ்பத்திரிச் செலவு ஆலையுடையது. புஷ்பாவின் முட்டிக்கு ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்று திருச்சி டாக்டர் சொல்லியிருந்தார். ஒப்பந்தக்காரிக்கு ஆலை அதைச் செய்யாது. இன்னும் ஒரு வருஷம் இப்படியே நின்றால் அவள் நடப்பதே கஷ்டம். வேறு படிப்பும் அவளிடம் இல்லை. கவிதாவுக்கும் அந்த வேலை தேவைதான், இல்லை என்று சொல்லவில்லை. அப்பா இல்லாத வீடு, கீழே இரண்டு தங்கைகள். ஆனால் கவிதாவின் கால் நன்றாக இருந்தது. அவளுக்கு வேறு டீம் கிடைக்கும். புஷ்பாவை எந்த டீம் எடுக்கும்? கூடையே போடாதவளை.

சாரும் நானும் உட்கார்ந்து பேசி, முதலில் புஷ்பமேரி, அடுத்தது கவிதா என்று சொல்லி அனுப்பினோம். நிர்வாக அதிகாரிக்குத் திகைப்பு. மரியாதையான மனிதர், குரலை உயர்த்தாதவர். ஸ்கோரைப் பார்த்துவிட்டு, கணக்கு தலைகீழாக இருக்கிறதே என்று கேட்டார். ஒரு தடவை ஆட்டம் பார்க்க வாருங்கள் என்று சார் கூப்பிட்டார். பெரம்பலூரில் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்.

சாமியானாவுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் சூடு பிடித்தது. வெளியே உட்கார்ந்திருந்த எங்கள் பிள்ளைகள் "நில்லு! புஷ்பாக்கா நில்லு! நில்லு!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள்.

அதிகாரி என் பக்கம் சாய்ந்து, "ஏங்க, அந்தப் பொண்ண ஏன் எல்லாரும் நில்லு நில்லுன்னு விரட்டுறாங்க? ஒழுங்கா ஓட மாட்டேங்குதா?" என்றார்.

விளக்கினேன். பொறுமையாகத்தான் விளக்கினேன், நம்புங்கள். அவர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "ஓகோ! அப்ப நிக்கிறதுக்கும் சம்பளமா?" என்று சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். கெட்டவராக இருந்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டாவது ஆறியிருப்பேன்.

ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கவிதா பந்தோடு ஓடினாள். அவளைத் துரத்தியவள் நல்ல கனமான பெண். புஷ்பா போய் நின்றாள். நான் அந்த மூலையிலிருந்து பார்க்கப் பழகியவள் அல்லவா, பந்தைப் பார்க்கவே இல்லை. புஷ்பாவைத்தான் பார்த்தேன். மோதல் வரப்போவதை அவள் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், காலை நகர்த்தவில்லை. இருவரும் விழுந்தார்கள். கூட்டம் ஓவென்று கத்தியதில்தான் கூடை விழுந்தது என்று எனக்குத் தெரிந்தது. எல்லாரும் கவிதாவைத் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். புஷ்பா முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே கிடந்தாள்.

சாரும் நானும் அவளைத் தூக்கினோம். முட்டி பந்து மாதிரி வீங்கிவிட்டது. ஆட்டம் பார்க்க வந்திருந்த அவள் அண்ணன், "ஊர்ல கட்டுக் கட்டுறவரு இருக்காரு, அழைச்சிட்டுப் போறேங்க" என்று வண்டி பிடித்துக் கொண்டுபோய்விட்டார்.

ஆட்டம் எப்படியோ, அதிகாரி அன்றைக்கு மனசு மாறித்தான் போயிருந்தார். கோச் சொல்வது சரியாகத்தான் இருக்கும், அந்தப் பெண்ணையே எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவு பண்ணி, மெடிக்கல் செக்கப்புக்கு வரச் சொல்ல மறுநாள் காலையில் ஹாஸ்டலுக்குப் போன் செய்திருக்கிறார். இது எங்களுக்குத் தெரியாது. போனை எடுத்தவள் கவிதா.

புஷ்பமேரி எங்கேம்மா என்று கேட்டிருக்கிறார். கவிதா சொன்னது இதுதான்: "அக்கா நேத்து நின்னுட்டாங்க சார். வூட்டுக்குப் போயிட்டாங்க."

வேலையை விட்டு நின்றுவிட்டாள், ஊருக்குப் போய்விட்டாள் என்று அவர் எடுத்துக்கொண்டார். வேறு எப்படி எடுத்துக்கொள்வார்? ஊர் உலகத்தில் அந்த வார்த்தைக்கு அதுதானே அர்த்தம். அன்றைக்கே சென்னைத் தலைமை ஆபீசுக்குப் பெயர் அனுப்பியாக வேண்டும். இரண்டாவதாக இருந்த கவிதாவின் பெயர் போனது. நாங்கள் வெற்றிக் கோப்பையோடு ஹாயாகத் தூங்கி எழுந்து மதியம் ஆபீசுக்குப் போனபோது உத்தரவே வந்துவிட்டது.

அதிகாரியின் அறையில் சார் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வாழ்க்கையில் எப்போதும் பேசியதில்லை. மேஜையில் இருந்த டீ கிளாசை எடுத்து முன்னால் வைத்தார். "இது கவிதாங்க. இந்த ஸ்டேப்ளர் அவளைத் துரத்துறவ. இந்தப் பேப்பர் வெயிட்டு புஷ்பா." கிளாசை மெதுவாகப் பேப்பர் வெயிட்டை உரசிக்கொண்டு நகர்த்தினார். ஸ்டேப்ளரை வேகமாகத் தள்ளினார். டொக்கென்று மோதியது. கிளாஸ் சொட்டு டீ சிந்தாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. "இதுக்குப் பேருதான் எங்க டீம்ல நின்னுட்டாங்கிறது. அவ வேலையை விடலைங்க. அந்தக் கூடைக்காக விழுந்து கெடக்குறா."

அதிகாரி பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார். "புரியுதுங்க. நெசமாவே புரியுது. ஆனா உத்தரவு வந்தாச்சு. மாத்தணும்னா மேல என்ன காரணம் சொல்றது? ஒரே வழிதான். போன்ல சொன்ன பொண்ணு வந்து, நான் சொன்னது வேலையை விட்டதை இல்லை, ஆட்டத்துல நின்னதைத்தான்னு என் முன்னாடி சொல்லட்டும். அதை வெச்சு நான் பேசுறேன்."

கவிதாவைக் கூப்பிட்டுவிட்டார்கள். வந்தாள். முகம் வெளுத்திருந்தது. உத்தரவு வந்த சேதி அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது, வீட்டுக்கும் சொல்லியிருந்தாள். அம்மா அழுதுவிட்டாளாம்.

சார் அதட்டவில்லை, கெஞ்சவும் இல்லை. வட்டத்தில் கேட்பது மாதிரியே கேட்டார். "அம்மாடி, நேத்து கடைசிக் கூடை. உனக்கு யாரு?"

நான் அந்தப் பெண்ணின் வாயையே பார்த்தேன். எத்தனை நூறு தடவை சொன்ன பெயர். யோசிக்காமல் சொன்ன பெயர். சொல்லுடி, சொல்லுடி என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதிகாரிதான் கேட்டார். "ஏம்மா, நின்னுட்டாங்கன்னு நீ எந்த அர்த்தத்துல சொன்ன?"

"நடந்ததைத்தான் சார் சொன்னேன்" என்றாள்.

அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து வரவில்லை. ஓங்கி ஒரு அறை விடலாமா என்று வந்தது எனக்கு. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். போனில் பேசும்போது அவள் மனதில் எந்த 'நின்னுட்டா' இருந்தது என்று எனக்குத் தெரியாது. எங்கள் வார்த்தையை எங்கள் அர்த்தத்தில் வெகுளியாகச் சொல்லியிருக்கலாம். எல்லாம் தெரிந்தே சொல்லியிருக்கலாம். அதை மன்னித்துவிடலாம். ஆனால் அந்த அறையில் அவளுக்கு இரண்டு அர்த்தமும் தெரியும். வாயைத் திறக்கவில்லை. தங்கைகள் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்திருப்பார்கள். நானாக இருந்தால் திறந்திருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பதில் சொல்லத் தைரியம் இல்லை.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏலாக்குறிச்சிக்கு நான்தான் போனேன். பஸ்ஸில் கோயிலுக்குப் போகிறவர்கள் கூட்டம், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். புஷ்பா வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். கட்டுத் துணியில் முட்டை வெள்ளையும் பச்சிலையும் சேர்ந்த நாற்றம். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். இழுத்தடித்துச் சொல்லி என்ன ஆகப்போகிறது?

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "யாரு மேடம் நின்னுட்டா? நானா?" என்றாள். புரிந்ததும் "நாசமாப் போவா அவ" என்று கத்தினாள். மண்ணை வாரித் தூற்றினாள். அழுதாள். அவள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, என்ன ஏது என்று தெரியாமலே சேர்ந்து அழுதது. கொஞ்சம் அடங்கிய பிறகு புஷ்பா மூக்கைத் துடைத்துக்கொண்டு, "இனி எவளுக்காகவும் நிக்க மாட்டேன் மேடம். சத்தியமா நிக்க மாட்டேன்" என்றாள்.

சரிம்மா என்றேன்.

அந்த வருஷத்தோடு அவள் ஒப்பந்தம் முடிந்தது, யாரும் புதுப்பிக்கவில்லை. முட்டி ஆபரேஷன் நடக்கவில்லை. அடுத்த சீசனில் கவிதாவின் கூடைகள் பாதியாகக் குறைந்தன. ஃபார்ம் போய்விட்டது என்றார்கள். ஃபார்மாவது மண்ணாவது! அவளை ஆபீசுக்கு மாற்றினார்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறாள். வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பாள், நானும் வைப்பேன். தனபால் சார் ஓய்வு பெறும்வரை ஒழுங்காக வேலை பார்த்தார். மூலையில் உட்கார்ந்தார், ஆளை எடுத்துப் பார்த்தார். ஆனால் ஆட்டம் முடிந்து வட்டமாக உட்காரச் சொல்லவே இல்லை. "உனக்கு யாரு?" என்ற கேள்வியை அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. ஒரு நாள் நானே, வட்டம் போடலாமா சார் என்றேன். "வேணாம்மா. பொய் சொல்லப் பழக்கிட்டோமோன்னு இருக்கு" என்றார்.

என் பணி ஓய்வு விழாவுக்கு ஒரு பட்டுப்புடவை எடுக்கலாம் என்று பெரம்பலூரில் பெரிய ஜவுளிக்கடைக்குப் போனேன். ஆடித் தள்ளுபடி, நல்ல கூட்டம். மாடியில் புடவைப் பிரிவு வாசலில், யூனிஃபார்ம் புடவை கட்டிக்கொண்டு, வருகிறவர்களை "வாங்க வாங்க, பட்டு அந்தப் பக்கங்க" என்று கும்பிட்டபடி ஒரு உயரமான பெண் நின்றிருந்தாள். தோளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"மேடம்!" என்றாள் புஷ்பா. கையைப் பிடித்துக்கொண்டாள். முடி நரைக்க ஆரம்பித்திருந்தது. உடம்பின் பாரம் முழுவதும் இடது காலில் இருந்தது.

"காலு எப்படிம்மா இருக்கு?"

"இருக்கு மேடம். ஏணி ஏறிப் புடவை எடுக்க முடியலை, அதான் இங்க போட்டுட்டாங்க. காலைல வந்தா ராத்திரி கடை சாத்துற வரைக்கும் நிக்கணும்." பக்கத்தில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதைக் காட்டி, உட்கார வேண்டியதுதானே என்றேன். சிரித்தாள். "அது சும்மா பேருக்கு மேடம். உக்காந்தா சூப்பர்வைசர் பாப்பாரு." பிறகு தானாகவே சொன்னாள், "அன்னைக்கு அந்த சார் கேட்டாராமே, நிக்கிறதுக்கும் சம்பளமான்னு. இங்க நிக்கிறதுக்குத்தான் மேடம் சம்பளம்."

அவளே என் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள், நொண்டியபடி. கூட்டம் நெரித்தது. அவள் தோளை முன்னால் கொடுத்துப் போக, அவள் பின்னாலேயே நான் இடிபடாமல் போனேன். பட்டு அடுக்கிலிருந்து மாம்பழ நிறத்தில் ஒரு புடவையைத் தேடிப்பிடித்து, "இது உங்களுக்கு நல்லாருக்கும் மேடம்" என்று விரித்துக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தது. அதற்குள் வாசலிலிருந்து சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிட, "வரேன் மேடம்" என்று திரும்பிப் போய்விட்டாள். அங்கே விற்பனைக்கு நின்ற சின்னப் பெண் புடவையை மடித்துச் சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

பில் போடும் இடத்தில் இருந்த பெண் சீட்டைப் பார்த்து ஏதோ நம்பரைத் தட்டினாள். அது என்ன நம்பர் என்று கேட்டேன். யார் விற்றுக் கொடுத்தார்களோ அவர்கள் கணக்கில் ஏறும், அதை வைத்துத்தான் இங்கே யார் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று பார்ப்பார்கள் என்று சொன்னாள்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு ஆத்திரம் வந்ததோ. "அது தப்பும்மா. இந்தப் புடவைய எடுத்துக் கொடுத்தது புஷ்பா. நம்பர மாத்து" என்று கத்தினேன். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பில்லு போட்டாச்சு மேடம், இனி மாத்த முடியாது" என்றாள் அந்தப் பெண். பாவம், பயந்துவிட்டாள். புடவையைப் பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு, சமாதானம் சொல்வதுபோல, "புஷ்பாக்காவா மேடம்? அவங்களுக்கு நம்பரே கிடையாதுங்க. அவங்க சும்மா நிக்கிறவங்கதானே" என்றாள்.